மீனங்காடியின் கரிக் கணக்கு

மாணவர்களே, இந்த வாரம் ஒரு கேள்வியோடு தொடங்குவோம்.

ஓர் ஊர். சுற்றிலும் மலை, காடு. ஊருக்குள் காப்பித் தோட்டங்கள், அவற்றுக்கு நிழல் தரும் உயர்ந்த மரங்கள், மரத்தைப் பற்றி ஏறும் மிளகுக் கொடி, பலா, பாக்கு, கொஞ்சம் நெல் வயல். கண்ணுக்கெட்டிய வரை ஒரு புகைபோக்கியும் இல்லை. இந்த ஊர் காற்றில் விடும் கரிவளி அதிகமா, அல்லது அங்குள்ள மரங்களும் மண்ணும் இழுத்துக்கொள்ளும் கரிவளி அதிகமா?

என் நான்காம் படிவ மாணவர்களிடம் இதைக் கேட்டேன். “மரந்தான் டீச்சர் ஜெயிக்கும்” என்று வகுப்பே சொன்னது. நீங்களும் அப்படித்தான் நினைத்திருப்பீர்கள். ஊகிக்க வேண்டிய அவசியம் இல்லை. இப்படிப்பட்ட ஓர் ஊர் உண்மையிலேயே இருக்கிறது. அது உட்கார்ந்து கணக்குப் போட்டும் பார்த்துவிட்டது.

அந்த ஊரின் பெயர் மீனங்காடி. கேரளாவின் வயநாடு மாவட்டத்தில், கோழிக்கோட்டிலிருந்து மைசூருக்குப் போகும் மலைச் சாலையில், கல்பெட்டாவுக்கும் சுல்தான் பத்தேரிக்கும் இடையே இருக்கிறது. தமிழ்நாட்டின் நீலகிரி மாவட்டம் பக்கத்திலேயே உள்ளது. மேற்குத் தொடர்ச்சி மலையின் இந்தப் பகுதி, நீலகிரி உயிர்க்கோளக் காப்பகத்தைச் சேர்ந்தது. 1986-இல் அறிவிக்கப்பட்ட அது இந்தியாவின் முதல் உயிர்க்கோளக் காப்பகம். 344 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள வயநாடு வனவிலங்குச் சரணாலயம், தமிழ்நாட்டின் முதுமலை, கர்நாடகத்தின் பந்திப்பூர், நாகரஹொளே என்று காடுகள் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டே போகும். யானைகளுக்கு மாநில எல்லை தெரியாது. மூன்று மாநிலத்திலும் நடமாடும்.

2016 ஜூன் மாதம், உலகச் சுற்றுச்சூழல் நாளில், மீனங்காடி கிராம ஊராட்சி ஒரு திட்டத்தைத் தொடங்கியது. ஊர் வெளியிடும் கரிவளியும் ஊர் உறிஞ்சும் கரிவளியும் சமமாக வேண்டும் என்பதே குறிக்கோள். இதற்கு ஆறு மாதங்களுக்கு முன்புதான், 2015 டிசம்பரில், உலக நாடுகள் பாரிஸில் கூடிப் பருவநிலை ஒப்பந்தம் செய்திருந்தன. பெரிய நாடுகளே எந்த ஆண்டைக் குறிப்பது என்று தயங்கிக்கொண்டிருந்த காலம் அது. இந்தியா 2070 என்று அறிவித்தது 2021-இல்தான். நம் மலேசியா 2050-க்குள் என்று சொன்னதும் அதே 2021-இல், பன்னிரண்டாம் மலேசியத் திட்டத்தின்போது. சுமார் 33,000 பேர் வாழும் ஒரு மலைக் கிராம ஊராட்சி ஐந்து ஆண்டுகள் முந்திக்கொண்டது.

முதலில் தொட்டியைப் பார்ப்போம்

‘நிகரச் சுழியம்’ என்ற சொல்லைச் செய்தியில் கேட்டிருப்பீர்கள். மலாயில் ‘சிஃபார் பெர்சே’ என்பார்கள். குளியலறைத் தண்ணீர்த் தொட்டியை நினைத்துக்கொள்ளுங்கள். மேலே குழாய் திறந்திருக்கிறது. அடியில் ஒரு சிறிய துளை. குழாயிலிருந்து வரும் தண்ணீர், துளை வழியே போகும் தண்ணீரைவிட அதிகமாக இருந்தால் மட்டம் ஏறும். இரண்டும் சமமானால் மட்டம் அப்படியே நிற்கும். அந்த நிலைதான் நிகரச் சுழியம்.

வளிமண்டலம்தான் தொட்டி. பெட்ரோல், நிலக்கரி, இயற்கை எரிவாயு எரிப்பது, காட்டை அழிப்பது எல்லாம் குழாய். மரமும் மண்ணும் கடலும் துளை. தொழிற்சாலைகள் பெருகுவதற்கு முன், காற்றின் பத்து லட்சம் மூலக்கூறுகளில் சுமார் 280 கரிவளி மூலக்கூறுகள் இருந்தன. இப்போது 420-ஐத் தாண்டிவிட்டது. ஒன்றைக் கவனியுங்கள். நிகரச் சுழியம் அடைந்தால் மட்டம் ஏறாது, அவ்வளவுதான். ஏறிய தண்ணீர் உடனே இறங்கிவிடாது.

மீனங்காடி செய்ததும் இதுதான். தன் எல்லைக்குள் குழாய் எவ்வளவு, துளை எவ்வளவு என்று அளந்தது. தணல் என்ற சுற்றுச்சூழல் அமைப்பு இந்தக் கணக்கெடுப்புக்குத் துணை நின்றது. வீடுகளின் மின்சாரம், சமையல் எரிபொருள், வாகனங்கள், ஆடுமாடுகள், வயல்கள், குப்பை என்று ஒரு பக்கம். மரங்களும் மண்ணும் மறு பக்கம்.

ஆடுமாடு எதற்கு என்று கேட்கிறீர்களா? மாடு அசைபோடும்போது அதன் வயிற்றிலுள்ள நுண்ணுயிர்கள் மீத்தேன் வளியை உண்டாக்குகின்றன. மாடு ஏப்பம் விடும்போது அது வெளியே வருகிறது. தண்ணீர் தேங்கிய நெல் வயலிலும், புதைக்கப்பட்ட குப்பையிலும்கூட மீத்தேன் உருவாகும். உயிர்வளி இல்லாத இடத்தில் அழுகல் நடந்தால் மீத்தேன் வரும் என்று நினைவில் வையுங்கள். நூறு ஆண்டுக் கணக்கில் பார்த்தால், ஒரு கிலோ மீத்தேன் சுமார் 28 கிலோ கரிவளி அளவுக்குப் பூமியைச் சூடாக்கும். நம் சுங்கை ஊடாங் குப்பை நிரப்பிடத்துக்குப் போகும் மீந்த சோறும் குழம்பும் அங்கே போய்ச் சும்மா இருப்பதில்லை.

மீனங்காடியின் விடை இதோ. வெளியீடு, ஆண்டுக்குச் சுமார் 33,400 டன் கரிவளிக்குச் சமம். உறிஞ்சுவது சுமார் 22,000 டன். மிச்சம் 11,400 டன். மரங்கள் தோற்றுவிட்டன.

ஆளுக்கு எவ்வளவு என்று வகுத்துப் பாருங்கள். 33,400 டன்னை 33,000 பேருக்குப் பங்கிட்டால் ஆளுக்கு ஏறத்தாழ 1 டன். மிக எளிய வாழ்க்கை வாழும் மக்கள் அவர்கள். மலேசியாவில் ஒருவருக்குக் கரிவளி வெளியீடு ஆண்டுக்குச் சுமார் 8 டன். இரண்டு கணக்குகளின் எல்லைகளும் ஒன்றல்ல என்பதால் இதைத் துல்லியமான ஒப்பீடாக எடுத்துக்கொள்ள வேண்டாம். அளவு புரிந்தால் போதும். மீனங்காடியின் 33,000 பேரும் நம்மைப் போல் வாழ்ந்தால் வெளியீடு 2,64,000 டன் ஆகும். அதே மரங்கள், அதே 22,000 டன். பன்னிரண்டில் ஒரு பங்குதான் மரங்களால் முடியும்.

காடு சூழ்ந்த, ஆளுக்கு ஒரு டன் மட்டுமே வெளியிடும் ஊரே சமன் ஆகவில்லை என்றால், “மரம் நட்டால் சரியாகிவிடும்” என்று நாம் சுவரொட்டியில் எழுதுவது எவ்வளவு பொருந்தும்?

ஒரு பால்மரத்தை நிறுத்துப் பார்ப்போம்

மரம் எவ்வளவு கரிவளியை வைத்துக்கொள்ளும் என்று நாமே கணக்கிடலாம். மூன்றாம் படிவ அறிவியலும் பெருக்கலும் போதும்.

தோட்டத்திலோ கம்பத்திலோ நீங்கள் பார்க்கும் 25 வயதுப் பால்மரம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். தண்ணீர் முழுவதும் நீங்கிய பிறகு அதன் எடை 300 கிலோ என்று வைத்துக்கொள்வோம். காய்ந்த மரத்தில் ஏறக்குறைய பாதி கார்பன். ஆக 150 கிலோ கார்பன். இந்தக் கார்பன் மண்ணிலிருந்து வந்ததல்ல. ஒளிச்சேர்க்கையின்போது இலைகள் காற்றிலிருந்து எடுத்தது. கார்பன் அணுவின் நிறை 12. உயிர்வளி அணுவின் நிறை 16. கரிவளி மூலக்கூறில் ஒரு கார்பன், இரண்டு உயிர்வளி: 12 + 16 + 16 = 44. ஆகவே 12 கிலோ கார்பன் மரத்தில் சேர 44 கிலோ கரிவளி காற்றிலிருந்து நீங்க வேண்டும். 150-ஐ 44-ஆல் பெருக்கி 12-ஆல் வகுத்தால் 550 கிலோ.

25 ஆண்டுகளில் 550 கிலோ. ஆண்டுக்குச் சராசரி 22 கிலோ.

இப்போது வாசலில் நிற்கும் கப்சாய் மோட்டாரைப் பார்ப்போம். அப்பா தினமும் வேலைக்குப் போய்வர 20 கிலோமீட்டர் ஓட்டுகிறார். லிட்டருக்கு 40 கிலோமீட்டர் என்றால் ஒரு நாளைக்கு அரை லிட்டர் பெட்ரோல். ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் சுமார் 2.3 கிலோ கரிவளி வரும். ஒரு லிட்டர் பெட்ரோலின் எடையே முக்கால் கிலோதான், அதிலிருந்து எப்படி இரண்டு கிலோவுக்கு மேல் வரும் என்று சிலர் சண்டைக்கு வருவார்கள். நல்ல சந்தேகம். மீதி எடை காற்றிலிருந்து வந்து சேர்ந்த உயிர்வளி. மேலே பார்த்த 12, 44 கணக்கை இங்கேயும் போட்டுப் பாருங்கள், புரிந்துவிடும்.

ஆக ஒரு நாளைக்கு 1.15 கிலோ. ஆண்டில் 300 நாள் ஓட்டினால் 345 கிலோ. ஒரு பால்மரம் 25 ஆண்டு பாடுபட்டுச் சேர்த்ததை அந்தச் சிறிய மோட்டார் 19 மாதங்களில் திருப்பி விட்டுவிடுகிறது. ஒரு மோட்டாரைச் சமன் செய்ய, ஆண்டுக்கு 22 கிலோ வீதம், 16 மரங்கள் ஓய்வில்லாமல் வளர்ந்துகொண்டே இருக்க வேண்டும்.

இதே அளவுகோலை மீனங்காடிக்கு எடுத்துச் செல்வோம். மிச்சம் 11,400 டன். அதாவது 1 கோடியே 14 லட்சம் கிலோ. 22-ஆல் வகுத்தால் சுமார் 5,18,000 மரங்கள். தோட்டத்தில் ஒரு ஹெக்டருக்கு 450 பால்மரம் நடுவது வழக்கம் என்று கொண்டால் 1,150 ஹெக்டர் நிலம் தேவை, அதாவது 11.5 சதுர கிலோமீட்டர். ஊராட்சியின் மொத்தப் பரப்பே சுமார் 53 சதுர கிலோமீட்டர்தான். ஐந்தில் ஒரு பங்குக்கு மேல்! வீட்டையும் வயலையும் பள்ளிக்கூடத்தையும் எங்கே வைப்பது? அதோடு கன்று நட்ட முதல் ஆண்டே 22 கிலோ இழுத்துக்கொள்ளாது. முதல் சில ஆண்டுகள் மெதுவாகவும், பிறகு வேகமாகவும், முதிர்ந்த பின் மறுபடி மெதுவாகவும் மரம் வளரும். 22 என்பது சராசரி மட்டுமே.

அதனால்தான் குழாயை மூடுவதும் துளையைப் பெரிதாக்குவதும் சேர்ந்தே நடக்க வேண்டியிருக்கிறது. மின்விளக்கை மாற்றுவது, குப்பையை ஊரிலேயே உரமாக்குவது, சூரிய மின்சாரம் இவையெல்லாம் குழாய்ப் பக்க வேலை. இவை பேச்சுப் போட்டியில் அதிகம் கேட்டுப் பழகியவை என்பதால் தாண்டிச் செல்கிறேன். மரப் பக்கத்தில் மீனங்காடி செய்ததுதான் புதுமை.

மரத்தை அடகு வைக்கலாம்

வயநாட்டு விவசாயியிடம் மரம் ஏற்கெனவே இருக்கிறது. காப்பிச் செடிக்கு நிழல் வேண்டும். ஆனால் மகளுக்குக் கல்யாணம், மகனுக்குப் படிப்பு, காப்பி விலை விழுந்துவிட்டது என்றால் அவர் கண் முதலில் போகும் இடம் அந்த மரம். வெட்டி விற்றால் கையில் பணம். நம் ஊரில் நகையை அடகுக் கடைக்குக் கொண்டு போவதில்லையா, அதே நிலைதான்.

அந்த நகையைப் போலவே மரத்தையும் அடகு வைத்தால் என்ன என்று மீனங்காடி யோசித்தது. இதற்கு ‘மர வங்கி’ என்று பெயர். ஒரு மரத்துக்கு ஆண்டுக்கு 50 ரூபாய் வீதம், பத்து ஆண்டுகள், ஊர்க் கூட்டுறவு வங்கி விவசாயிக்கு வட்டியில்லாக் கடன் தரும். மரத்தை வெட்டினால் கடனைத் திருப்பிக் கட்ட வேண்டும். வெட்டாமல் விட்டுவிட்டால் கட்ட வேண்டியதில்லை. இதற்காகக் கேரள அரசு 10 கோடி ரூபாய் ஒதுக்கியது. 2021-இல் பணம் கொடுக்கத் தொடங்கினார்கள்.

திட்டத்தின் அறிவியல் சரியானது. கன்று நட்டுப் புகைப்படம் எடுத்துக்கொள்வதைவிட, நிற்கிற மரத்தை நிற்க வைப்பது பல மடங்கு பயன் தரும். வளரும் பருவத்தில் இருக்கும் மரம் அது. ஆனால் 50 ரூபாய் என்பது நம் பணத்தில் இரண்டரை ரிங்கிட் அளவு. பத்து ஆண்டுக்கும் சேர்த்து 500 ரூபாய். நன்கு வளர்ந்த ஒரு மரத்தின் விலைக்கு இது பக்கத்தில்கூட வராது. உலகம் முழுவதற்கும் காற்றைச் சுத்தம் செய்யும் வேலையை ஓர் ஏழை விவசாயி இந்தக் கூலிக்குச் செய்ய வேண்டுமா? என்னைக் கேட்டால் தொகை போதாது. ஆனால் விவசாயிக்கு ஒன்றும் கொடுக்காமல் “வெட்டாதே” என்று மட்டும் சட்டம் போடுவதைவிட இது நேர்மையான வழி.

பழைய காடு ஏன் வேறு

இங்கே ஒரு குழப்பம் வரும். வகுப்பிலும் வந்தது. “டீச்சர், முதிர்ந்த மரம் மெதுவாகத்தான் இழுக்கும் என்றால், பழைய காட்டை வெட்டிவிட்டு இளம் மரங்களை நடலாமே?” நிகரச் சுழியக் கணக்கில் பெரியவர்களே தடுமாறும் இடம் இது.

வங்கிக் கணக்கில் இருப்பு வேறு, மாதாமாதம் போடும் பணம் வேறு. பழைய காடு என்பது பெரிய இருப்பு. தாழ்நில மழைக்காட்டில் ஒரு ஹெக்டருக்கு 150 முதல் 200 டன் வரை கார்பன் நிற்கும். செம்பனைத் தோட்டத்தில் நட்டது முதல் வெட்டுவது வரை சராசரியாகப் பார்த்தால் 30 முதல் 40 டன்தான். காட்டை வெட்டினால் அந்த வித்தியாசம் முழுவதும் காற்றுக்குப் போகும். மறுபடி நடும் மரம் அதைத் திரும்பச் சேர்க்க ஒரு மனித ஆயுள் போதாது. செம்பனை என்றால் ஒருபோதும் சேர்க்காது, 25 ஆண்டில் வெட்டிவிடுவார்கள்.

நம் மாநிலத்துக்கே இந்தக் கதை உண்டு. மலாயாவில் ரப்பரை முதன்முதலில் வணிகப் பயிராக நட்டவர் தான் சாய் யான். இடம், மலாக்காவின் புக்கிட் லிந்தாங். ஆண்டு 1896. அதன் பிறகு மலாயா முழுவதும் காடு பால்மரக் காடானது. நம் முன்னோர் தமிழ்நாட்டிலிருந்து கொண்டுவரப்பட்டது அந்த மரங்களை வெட்டத்தான். பிறகு பால்மரம் செம்பனை ஆனது. இப்போது பல செம்பனைத் தோட்டங்கள் தாமான்களாகவும் தொழிற்பேட்டைகளாகவும் ஆகிவருகின்றன. ஒவ்வொரு படியிலும் ஹெக்டருக்கு நிற்கும் கார்பன் குறைந்துகொண்டே வந்திருக்கிறது. பால்மரத்தை வெட்டும்போது மட்டும் சிறிய ஆறுதல் உண்டு. அதன் பலகை மூவார் பக்கம் மேசை நாற்காலியாகிறது. உங்கள் வீட்டு மேசை உடையாமல் இருக்கும் வரை அந்தக் கார்பனும் அதற்குள்ளேயே இருக்கும்.

காடு வேண்டாம், மண்ணே போதும் கணக்கைப் புரட்டிப்போட. மலாயில் ‘தானா கம்புட்’ எனப்படும் சதுப்பு நிலத்தில், ஆயிரக்கணக்கான ஆண்டுகள் விழுந்த இலையும் கட்டையும் தண்ணீருக்குள் அழுகாமல் அடுக்கடுக்காகக் கிடக்கும். கால்வாய் வெட்டித் தண்ணீரை வடித்தால் உயிர்வளி உள்ளே புகும். அத்தனையும் மெல்ல மட்கிக் கரிவளியாகும். அப்படி வடித்து நட்ட செம்பனை நிலம் ஹெக்டருக்கு ஆண்டுக்குச் சுமார் 40 டன் கரிவளி விடுகிறது. நம் பால்மரக் கணக்குப்படி ஒரு ஹெக்டர் மரம் ஆண்டுக்கு இழுப்பது 10 டன். நான்கு ஹெக்டர் மரம் செய்த வேலையை ஒரு ஹெக்டர் வடித்த நிலம் அழித்துவிடுகிறது.

கோடு எங்கே போடுவது

மீனங்காடி தன் ஊராட்சி எல்லையைக் கோடாக எடுத்துக்கொண்டது. பாதுகாக்கப்பட்ட ஓர் இயற்கைப் பகுதிக்கு இந்தக் கோடு போதுமா?

இங்கிலாந்தின் வடக்கே லேக் டிஸ்ட்ரிக்ட் என்ற தேசியப் பூங்கா இருக்கிறது. ஏரிகளும் மலைகளும் ஆட்டுப் பண்ணைகளும் நிறைந்த இடம். 1951-இல் தேசியப் பூங்கா ஆனது. 2017-இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது. அதை நடத்தும் அமைப்புகள் சேர்ந்து 2037-க்குள் நிகரச் சுழியம் என்று இலக்கு வைத்திருக்கின்றன. பிரிட்டனின் இலக்கு 2050. பூங்கா 13 ஆண்டு முந்தி.

அங்கே குடியிருப்பவர்கள் சுமார் 40,000 பேர். ஓர் ஆண்டில் சுற்றிப் பார்க்க வருபவர்களோ ஒன்றரைக் கோடிக்கும் மேல். பெரும்பாலோர் காரில் வருகிறார்கள். பூங்கா எல்லைக்குள் ஓடும் காரை மட்டும் எண்ணினால் கணக்கு அழகாக இருக்கும். அவர்கள் அப்படிச் செய்யவில்லை. பயணிகள் வீட்டிலிருந்து புறப்பட்டு வந்து திரும்பிப் போகும் பயணத்தையும், அங்கே வாழ்பவர்கள் வெளியிலிருந்து வாங்கும் பொருள்களின் கரிவளியையும் கணக்கில் சேர்த்தார்கள். ஊருக்கு வருமானம் தரும் பயணிதான் கணக்கையும் ஏற்றுகிறார் என்று அப்போது வெட்டவெளிச்சமானது. ஆகவே பேருந்து, ரயில், மிதிவண்டிப் பாதை இவையெல்லாம் அவர்களின் திட்டத்தில் முக்கியமாகின்றன.

நம் மலாக்காவும் யுனெஸ்கோ பட்டியலில் உள்ள நகரம்தான், 2008 முதல். வார இறுதி மாலையில் ஜோங்கர் தெருவுக்குப் போயிருக்கிறீர்கள் அல்லவா? ஆ ஃபமோசா பக்கம் வரிசையாக நிற்கும் சுற்றுலாப் பேருந்துகள், குளிர்சாதனம் ஓட இயந்திரத்தை நிறுத்தாமலேயே நிற்கும். அந்தப் புகை யார் கணக்கு? மலாக்கா வரலாற்று மாநகராண்மைக் கழகத்தின் கணக்கா, பயணி புறப்பட்ட ஊரின் கணக்கா? இருவரும் “உன்னுடையது” என்று சொன்னால் அது யார் கணக்கிலும் வராது. காற்றில் மட்டும் இருக்கும்.

தஞ்சோங் துவானை எடுத்துக்கொண்டால் இன்னும் வேடிக்கை. போர்ட் டிக்சன் பக்கம், நெகிரி செம்பிலானால் சூழப்பட்டிருந்தாலும் அது மலாக்கா மாநிலத்துக்குச் சொந்தமான காப்புக் காடு. ஆண்டுதோறும் பிப்ரவரி, மார்ச்சில் தேன் பருந்துகள் சுமத்ராவிலிருந்து கடலைக் கடந்து அந்த முனையில்தான் கரை சேரும். பருந்து கரிவளிக் கணக்கில் வராது. அதைப் பார்க்கக் கோலாலம்பூரிலிருந்து வரும் காருக்குக் கணக்கு உண்டு. காட்டின் பச்சை மலாக்காவுக்கு, சாலையின் புகை நெகிரி செம்பிலானுக்கு என்று பிரித்துக்கொண்டால் மலாக்காவின் தாளில் எல்லாமே பச்சையாகத் தெரியும்.

‘நாங்கள் நிகரச் சுழியம் அடைந்துவிட்டோம்’ என்று எந்த நாடோ நகரமோ நிறுவனமோ சொன்னால், கோட்டை எங்கே போட்டீர்கள் என்று கேளுங்கள். எவ்வளவு குறைத்தீர்கள், எவ்வளவை மரத்தின் தலையில் கட்டினீர்கள் என்றும் கேளுங்கள்.

வயநாட்டில் 2024

2024 ஜூலை 30 அதிகாலை, வயநாட்டின் முண்டக்கை, சூரல்மலை ஊர்களின் மேல் மலை சரிந்தது. 250-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அங்கே தேயிலைத் தோட்டங்கள் உண்டு. லயங்களில் உறங்கிக்கொண்டிருந்த தோட்டத் தொழிலாளர் குடும்பங்களும் அதில் போயின. அன்று ஒரே நாளில் 140 மில்லிமீட்டருக்கு மேல் மழை கொட்டியது. ஏற்கெனவே ஊறிப்போன மண் அது. மனிதர் வெளியிட்ட வளிகளால் பூமி சூடாகாமல் இருந்திருந்தால் அந்த ஒரு நாள் மழை சுமார் 10 விழுக்காடு குறைவாக இருந்திருக்கும் என்று பன்னாட்டு ஆய்வாளர் குழு ஒன்று கணித்தது. காரணம் எளிது. காற்று 1 டிகிரி செல்சியஸ் சூடானால் ஏறக்குறைய 7 விழுக்காடு அதிக நீராவியைத் தாங்கும். தாங்கியதைக் கொட்டத்தான் செய்யும். மலைச்சரிவில் மரம் வெட்டியது, கட்டடம் கட்டியது ஆகியவற்றின் பங்கு பற்றியும் அங்கே வாதம் நடக்கிறது.

மீனங்காடி அதே மாவட்டத்தின் இன்னொரு பகுதி. ஆளுக்கு ஒரு டன் வெளியிட்டு, மரத்தை எண்ணி, அடகு வைத்துக் காப்பாற்றிய மக்களின் அண்டை வீட்டுக்காரர்கள்தான் மண்ணுக்குள் போனார்கள். கரிவளி காற்றில் கலந்தபின் அது எந்த ஊரிலிருந்து வந்தது என்று முகவரி இருக்காது. ஆளுக்கு எட்டு டன் விடும் நாமும், இன்னும் அதிகமாக விடும் நாடுகளும் ஒரே தொட்டியில்தான் ஊற்றுகிறோம்.

கேரள அரசு இப்போது மாநிலம் முழுவதற்கும் 2050 என்று இலக்கு வைத்திருக்கிறது. வயநாட்டுக் காப்பியைக் கரிவளிச் சமன் கொண்ட காப்பி என்ற பெயரில் கூடுதல் விலைக்கு விற்கும் முயற்சியும் உண்டு. மரத்தை வைத்திருப்பவருக்கு 50 ரூபாய்க்கு மேல் ஏதாவது கிடைக்க அது ஒரு வழி.

வீட்டுப் பாடம்

1. அம்மாவிடம் கடந்த மாத மின்கட்டண ரசீதை வாங்குங்கள். எத்தனை யூனிட் என்று பாருங்கள். தீபகற்ப மலேசியாவில் ஒரு யூனிட் மின்சாரத்துக்குச் சுமார் முக்கால் கிலோ கரிவளி. மாதம் 300 யூனிட் என்றால் 225 கிலோ, ஆண்டுக்கு 2,700 கிலோ. அதை 22-ஆல் வகுத்தால் 123 பால்மரம். உங்கள் வீட்டுக்கு எத்தனை மரம்?

2. வீட்டிலுள்ள ஒவ்வொரு மோட்டாருக்கும் காருக்கும் மேலே செய்த கணக்கைப் போடுங்கள். மரங்களைக் கூட்டுங்கள். ஹெக்டருக்கு 450 என்று வகுத்து, உங்கள் குடும்பத்துக்கு எவ்வளவு தோட்டம் வேண்டும் என்று காணுங்கள். ஒரு ஹெக்டர் ஏறக்குறைய இரண்டரை ஏக்கர்.

3. சிங்கப்பூரிலிருந்து மலாக்காவுக்குச் சுமார் 240 கிலோமீட்டர். ஒரு சுற்றுலாப் பேருந்து லிட்டர் டீசலுக்கு 3 கிலோமீட்டர் ஓடும் என்று கொள்ளுங்கள். ஒரு லிட்டர் டீசலுக்கு 2.7 கிலோ கரிவளி. 40 பயணிகள் வந்து திரும்பினால் ஆளுக்கு எவ்வளவு? அதே 40 பேர், காருக்கு நான்கு பேராக, லிட்டர் பெட்ரோலுக்கு 12 கிலோமீட்டர் ஓடும் 10 கார்களில் வந்தால் ஆளுக்கு எவ்வளவு? இந்தக் கரிவளியைச் சிங்கப்பூர், ஜொகூர், மலாக்கா ஆகிய மூன்றில் எதன் கணக்கில் எழுதுவீர்கள்? காரணத்தை ஐந்து வரிக்குள் எழுதி அடுத்த அறிவியல் பாடத்துக்குக் கொண்டு வாருங்கள். வகுப்பில் எல்லாரும் ஒரே விடை எழுதியிருந்தால், மாற்று விடைக்காக வாதாட இரண்டு பேரைத் தேர்ந்தெடுங்கள்.